மாமா, கொஞ்சம் சாப்பிடுங்க!

மாமனாரையும் மாப்பிள்ளையையும் தனியாக விட்டால் பேசிக்கொள்ள மூன்றே விஷயங்கள்தான் உண்டு. ஒன்று வெயில். இரண்டு பெங்களூர் ட்ராஃபிக். மூன்று, "சாப்பிட்டாச்சா?" காலைக் காப்பி ஆறுவதற்குள் மூன்றும் தீர்ந்துவிடும். அதன் பிறகு ராத்திரி வரைக்கும் சோபாவின் இந்த முனையில் நான் பேப்பரோடும் அந்த முனையில் அவர் போனோடும் மரியாதையாக மூச்சு விட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். பேத்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் பெங்களூர் போனது. ஆனால் பேத்தி என் கைக்கு வருவதே அபூர்வம். என் மனைவியும் மகளும் மாறி மாறி வைத்துக்கொள்வார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை என்னிடம் கொடுக்கும் தைரியம் இருவருக்குமே இல்லை. கருவூலத்தில் கோடிக்கணக்கான ரூபாய் என் கையெழுத்தில் போயிருக்கிறது. அது இங்கே செல்லுபடியாகவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளையே இரங்கிவிட்டார். "மாமா, போரடிச்சா ஒரு கேம் சொல்லித் தரட்டுமா?"

நான் ரம்மி என்று நினைத்தேன். அவர் என் மகளுடைய பழைய லேப்டாப்பைத் திறந்து, கோட்டையும் கொடியுமாக ஒரு படத்தைக் காட்டினார். ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப். இதில் நாம் ஒரு வீரன். கத்தி உண்டு, மந்திரம் உண்டு, டிராகன் உண்டு, பூதம் உண்டு. உலகத்தின் பல மூலைகளில் இருக்கிறவர்கள் ஒரே சமயத்தில் அதே ஊருக்குள் நடமாடுவார்கள். "பூதம் என்றால் பயமாக இருக்குமா?" என்று கேட்டேன். "உங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா" என்றார். நாற்பது வருஷம் ஆடிட் பார்ட்டியைச் சமாளித்தவன் என்ற மரியாதையில் சொன்னாரா, பூதம் அவ்வளவு சாது என்ற அர்த்தத்தில் சொன்னாரா என்று புரியவில்லை.

மாப்பிள்ளை சாதாரணமாக மூன்று வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார். இந்த விளையாட்டைப் பற்றி ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை. இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோவர் என்ற கல்லூரிப் பையன், அண்ணன் தம்பிகளைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு செய்தது. 2001 ஜனவரி 4ஆம் தேதி வெளியே விட்டார்கள். சி.டி. வாங்க வேண்டாம், கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டாம், ப்ரௌசரில் திறந்தால் ஜாவாவில் ஓடும். திருச்சியில் பள்ளிக்கூடம் படித்த மாப்பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வரம் இல்லை. ஏனென்றால் அவர் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ப்ரௌசிங் சென்டர்தான். மணிக்கு 20 ரூபாய். அந்த 20 ரூபாய் எந்தத் தலைப்பில் செலவு எழுதப்பட்டது என்று நான் கேட்கவில்லை. சம்பந்தி பாவம், இன்றைக்கும் அதை டைப்ரைட்டிங் வகுப்பு என்றுதான் நம்பிக்கொண்டிருப்பார்.

பிறகு விளையாட்டை மாற்றிக்கொண்டே போய், பழைய ஆட்கள் முகம் சுளிக்கும் அளவுக்கு மாற்றிவிட்டார்களாம். பழையதே வேண்டும் என்று ஒரே கூச்சல். 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்த நகல் ஒன்று பத்திரமாக இருந்திருக்கிறது. 2013 பிப்ரவரியில் அதைத் திறக்கலாமா என்று ஆடுகிறவர்களிடமே வாக்கெடுப்பு வைத்தார்கள். சுமார் 4,50,000 வாக்கு விழுந்தது. அந்த மாதமே பழைய உலகம் திரும்ப வந்துவிட்டது. எனக்கு இதில் ஆச்சரியம் வாக்கெடுப்பு இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆவணத்தைக் கேட்டார்கள், அது இருந்தது! எங்கள் ரெக்கார்டு ரூமில் கேட்டால் கரையானைத்தான் சாட்சிக்கு அழைத்து வர வேண்டும்.

முதல் சோதனை பெயர். அங்கே ஒருவனுக்குப் பெயர் 12 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதினால் என் பெயர் இனிஷியலை விட்டும் அதைத் தாண்டும். வெள்ளைக்காரன் கணக்குப் போடும்போது தஞ்சாவூர் ஜில்லாவை நினைக்கவில்லை. சரி, சாமி பெயர் வைக்கலாம் என்றால் முருகன், கணபதி, சிவா எல்லோரையும் ஏற்கெனவே யாரோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் பிழைப்பையே பெயராக்கினேன்: சப் ட்ரெஷரி. ஆங்கிலத்தில் நடுவில் இடைவெளியோடு சேர்த்துச் சரியாக 12. உலகத்தில் அதற்குப் போட்டி இல்லை. உடனே கிடைத்தது.

ஆள் உருவத்துக்குத் தலைமுடி, தாடி, சட்டை, கால்சட்டை என்று வகைவகையாக இருந்தன. வேட்டி இல்லை. வழுக்கை இருந்தது. அந்த வரைக்கும் நியாயம் தெரிந்தவர்கள்.

புதிதாக வருகிறவனை நேராக ஊருக்குள் விடமாட்டார்கள். பயிற்சித் தீவு என்று ஒன்று. ஒவ்வொரு வேலிக்குப் பின்னாலும் ஒரு வாத்தியார் நிற்பார். அவர் சொன்னதைச் செய்து காட்டினால்தான் அடுத்த கதவு திறக்கும். முதல் பாடமே கதவு திறப்பதுதான். திறந்தேன். பாராட்டினார்கள். பணிக்காலம் முழுக்கத் திறந்த கதவுகளுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

அடுத்து ஒரு அம்மாள் வலையைக் கையில் கொடுத்து, குளத்தில் இறால் பிடி என்றாள். இங்கேதான் ஒரு சங்கடம். நாங்கள் பரம்பரைச் சைவம். வெங்காயத்தையே சில நாட்களில் ஒதுக்குகிற குடும்பம். "பிடிக்காமல் போனால் என்ன ஆகும்?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "கதவு திறக்காது மாமா." பிடித்தேன். மரம் வெட்டு என்றாள், வெட்டினேன். தீ மூட்டு என்றாள், மூட்டினேன். அந்த இறாலை அந்தத் தீயில் சுடு என்றாள். சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு சுட்டேன். அடுத்த வாத்தியார் சமையல்காரர். மாவில் தண்ணீர் விட்டுப் பிசைந்து ரொட்டி சுடச் சொன்னார். அதற்கப்புறம் சுரங்கம். தகரமும் செம்பும் வெட்டி, உருக்கி, வெண்கலக் கத்தி அடிக்க வேண்டும். பிறகு எலி அடிக்க வேண்டும். ஒரு சாமியாரிடம் கடவுள் வழிபாடு. ஒரு பேங்க். பேங்க் பக்கத்தில் வாக்குச் சாவடி! விளையாட்டில் புதிதாக எதைச் சேர்ப்பதானாலும் பெரும்பாலும் ஆடுகிறவர்கள் வாக்களித்துத்தான் சேர்ப்பார்களாம். மளமளவென்று வளர்ந்துவிட்ட ஜனநாயகம்.

மந்திரம் கடைசிப் பாடம். மந்திரவாதி ரொம்ப கம்பீரமாக இரண்டு வகைக் கல்லைக் கொடுத்தார். காற்றை ஏவும் மந்திரம் ஒன்று சொல்லிக் கொடுத்தார். யார் மேல் ஏவ வேண்டும் என்று பார்த்தால், வேலிக்குள் ஒரு கோழி. அதை அடித்த பிறகு நான் வீரன் என்று சான்று ஆகி, லம்பிரிட்ஜ் என்ற ஊரின் கோட்டை வாசலில் வந்து நின்றேன்.

அங்கே மாப்பிள்ளை காத்திருந்தார். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இங்கே தலை முதல் கால் வரை பளபளவென்று கவசம், தோளில் தொங்கும் மேலங்கி, கையில் ஏதோ எரிகிற மாதிரி ஒரு வாள் என்று நின்றார். சண்டையில் அவர் நிலை 126. அதற்கு மேல் கிடையாது. என் நிலை 3. அதற்குக் கீழ் கிடையாது. கோட்டை முற்றத்தில் வருகிறவன் போகிறவனெல்லாம் அவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனான். பக்கத்தில் வெறுங்காலோடு நிற்கிற சப் ட்ரெஷரியை யாரும் பார்க்கவில்லை.

"மாமா, இதை வாங்கிக்கோங்க" என்று வணிகப் பலகையைத் திறந்து கவசமும் கத்தியும் பொற்காசுமாக அடுக்க ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது. தலை தீபாவளிக்கு மோதிரம் போட்டவன் நான். மாப்பிள்ளையிடம் கை நீட்டுவதா? அதுவும் பத்துப் பேர் பார்க்கிற முற்றத்தில்? மறுத்தேன். அவர் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்தார். சீர் குறைவாக வைத்ததால் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு விளக்கமாகச் சொன்னார், அந்தக் கவசத்தைப் போடத் தற்காப்பில் நிலை 40 வேண்டும், இப்போது வாங்கினாலும் பெட்டியில்தான் கிடக்கும் என்று. அப்படியானால் மறுப்பது இன்னும் சுலபம். கடைசியில் ஒரு இரும்புக் கோடரி மட்டும் வாங்கிக்கொண்டேன். கடனாக.

லம்பிரிட்ஜ் கோட்டையின் கீழ்த்தளத்தில் சமையல்காரர் ஒருவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார். அன்றைக்கு அந்த ஊர் ட்யூக் ஹொரேசியோவுக்குப் பிறந்தநாள். கேக் செய்ய வேண்டும். முட்டை இல்லை, பால் இல்லை, மாவு இல்லை. டிராகன் இருக்கிற உலகத்தில் வீரனுக்குக் கொடுக்கிற முதல் பணி இதுதான். மூன்று சாமான், பக்கத்துக் கடையில் வாங்கி வா என்று என் மனைவி சொல்லியிருந்தால் முழங்கால் வலி வந்திருக்கும். இங்கே ஓடினேன்.

முட்டை, கோழிப் பண்ணையில் தரையிலேயே கிடந்தது. பாலுக்கு வாளி வேண்டும். வாளியோடு போனால் எல்லா மாடும் பால் தராது. கறவை மாடு என்று பெயர் எழுதிய மாடுதான் தரும். மற்ற மாட்டின் மேல் அம்புக்குறியை வைத்துத் தட்டினால், அதை வெட்டப் போகிறோம் என்று அர்த்தமாகிவிடும். தவறித் தட்டினால் கோமாதாவோடு யுத்தம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மாட்டின் மேலும் குறியை நிறுத்திப் பெயர் படித்து, பிறகுதான் தட்டினேன். கருவூலத்தில் காசோலை பார்த்த கண்.

மாவுதான் பெரிய வேலை. வயலில் கோதுமை பறிக்க வேண்டும். காற்றாலைக்குள் ஏணி ஏறி, அதற்கு மேல் இன்னொரு ஏணி ஏறி, உச்சியில் இருக்கிற கூம்பில் கோதுமையைப் போட வேண்டும். பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதை இழுத்தால் கோதுமை கடகடவென்று கீழே இறங்கும். மறுபடியும் இரண்டு ஏணி இறங்கி வந்தால், தரைத்தளத்துத் தொட்டியில் மாவு விழுந்திருக்கும். அதை அள்ளக் கையில் பானை வேண்டும். ஒரு பிடி கோதுமைக்கு ஒரு பானை மாவு, கூடவும் இல்லை குறையவும் இல்லை. இந்த ஆலையைச் செய்தவன் யாரோ, மாவு மில்லில் வரிசையில் நின்றவனாகத்தான் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஏறுவதும் இறங்குவதும் காத்திருப்பதும் இவ்வளவு பொருத்தமாக அமையாது. நான் அந்தக் கைப்பிடியை இரண்டாம் முறை இழுக்க அவசியமே இல்லை. சத்தம் நன்றாக இருந்தது, இழுத்தேன்.

மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சமையல்காரருக்குக் கண்ணில் நீர். கை கொடுத்தார். 300 சமையல் அனுபவப் புள்ளி கணக்கில் ஏறியது. விருந்துக்கு எத்தனை மணி என்று கேட்கலாமென்று பார்த்தால், ட்யூக்கோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் பெரிய மனிதர்களாம். நமக்கும் ஒருநாள் அந்த நாற்காலி கிடைக்குமா என்று வீரன் கேட்கிறான். அந்த நம்பிக்கையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டாம் என்கிற தோரணையில் பதில் வருகிறது. கலெக்டர் ஆய்வுக்கு வரும்போது எங்கள் ஆபீஸில் இதேதான். இளநீர் வெட்டினது நாங்கள், வாழை இலை கழுவினது நாங்கள், பந்தி நடக்கும்போது கதவுக்கு வெளியே நின்றதும் நாங்கள். ஒரு வித்தியாசம், 300 புள்ளி யாரும் தரவில்லை.

இந்த 300ஐப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னை இழுத்துப் பிடித்தது கத்தியுமில்லை பூதமுமில்லை, இந்தக் கணக்குதான். சாதாரண மரம் ஒன்று வெட்டினால் 25 புள்ளி. அந்தக் கட்டையை எரித்தால் 40. இறால் பிடித்தால் 10, சுட்டால் 30. கோழி எலும்பைப் புதைத்தால் நாலரை. ஆமாம், அரைப் புள்ளியைக்கூட விடாமல் எழுதுகிறார்கள். முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு 83 புள்ளி. நாலு மரம் வெட்டினால் போதும். தலைக்கு மேல் வாணவேடிக்கை வெடிக்கும், மேளம் மாதிரி ஒரு சின்ன வாத்தியம் ஒலிக்கும். எனக்கு வர வேண்டிய ஊக்க ஊதியம் ஒன்றுக்கு எத்தனை நினைவூட்டு எழுதியிருக்கிறேன்! வந்தபோது வாணவேடிக்கையும் இல்லை, வந்த விஷயமே சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்த்துத்தான் தெரிந்தது. இங்கே கோடரி விழுந்த நொடியிலேயே பணிப்பதிவேட்டில் பதிவு. டிராகனையெல்லாம் சிறு குழந்தையும் நம்பிவிடும். செய்த வேலை அன்றைக்கே முழுசாக வரவு வைக்கப்படும் ஓர் உலகம் என்பதைத்தான் என்னால் கற்பனை என்று ஒப்புக்கொள்ள முடிகிறது.

மேலே போகப் போக ஏணி செங்குத்தாகும். ஒவ்வொரு தொழிலிலும் உச்ச நிலை 99. அதற்கு 1,30,34,431 புள்ளி வேண்டும். 92ஆம் நிலைக்கு வந்துவிட்டோம், இன்னும் ஏழுதானே என்று நினைத்தால், அங்கே இருப்பு 65,17,253. அதாவது பாதி வழி. 92 என்பது 99இல் பாதி. இதைக் கேட்டதும் பென்ஷன் கணக்கு நினைவுக்கு வந்து ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேப்பர் ஓரத்தில் வகுத்துப் பார்த்தேன். சாதாரண மரமாகவே வெட்டி 99 தொட, 5,21,378 கட்டை தேவை. மாப்பிள்ளையிடம் காட்டினேன். "யாரும் சாதா மரத்துலயே போகமாட்டாங்க மாமா, ஓக், வில்லோன்னு மாறிடுவாங்க" என்றார். இருந்தாலும் என் கணக்கைச் சரிபார்த்துவிட்டு, "கரெக்டா இருக்கு மாமா" என்றார். கல்யாணம் ஆன நாள் முதல் அவர் என்னைப் பார்த்து உண்மையாக மதித்தது அந்த நிமிஷம் என்று நினைக்கிறேன்.

அடுத்து ஃப்ரெட் என்ற விவசாயி 20 உருண்டை கம்பளி நூல் வேண்டுமென்றான். ஆடு ஆடாகத் துரத்தி மயிர் கத்தரித்து, கோட்டை மாடியில் ராட்டையில் நூற்று, கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மந்தையில் ஆடு வேஷம் போட்ட பென்குவின் ஒன்று திரிகிறது, அதைக் கத்தரிக்கவே முடியாது, தனிக் கதை. கூலி 60 காசு. உருண்டைக்கு மூன்று. கொள்முதல் விலை கட்டுப்படியாகாது என்று குறிப்பு எழுதி யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை.

சண்டைக்கு வருவோம். இங்கே சண்டை என்றால் கையைக் காலை ஆட்ட வேண்டியதில்லை. எதிரியைத் தட்டினால் போதும், மற்றதை நம் ஆளே பார்த்துக்கொள்வான். அவன் ஒன்று போடுவான், எதிரி ஒன்று போடுவான். பட்டால் சிவப்பு, படாவிட்டால் நீலத்தில் பூஜ்யம். உயிர் 10 புள்ளியில் தொடங்கும். அது குறைந்தால் மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம், சாப்பிட வேண்டும். வெட்டுக் காயமானாலும் நெருப்புக் காயமானாலும் சாப்பாடுதான் சிகிச்சை. எங்கள் அம்மா வைத்திய முறை. இதில் ஒரு பெரிய ஆறுதல்: இறால் சாப்பிட்டால் ஏறுவது 3, ரொட்டி சாப்பிட்டால் 5. சைவத்தின் மேன்மையை இங்கிலாந்துக்காரனே எண்ணில் எழுதி வைத்திருக்கிறான். மூட்டையில் 28 இடம். அதில் பாதிக்கு ரொட்டி அடுக்கிக்கொண்டேன்.

கோப்ளின் என்ற பச்சைக் குள்ளர்களை ஆற்றங்கரையில் அடித்துத் தைரியம் வந்ததும், வாரக் என்ற பெரிய பட்டணத்துக்குப் போகலாம் என்றேன். "ஃபாலோ" என்று ஒரு வசதி உண்டு. ஒருவரைத் தட்டினால் அவர் பின்னாலேயே நம் ஆள் தானாக ஓடுவான். மாப்பிள்ளை முன்னால், மாமனார் பின்னால், மூச்சிரைக்க. பட்டணத்துக்குத் தெற்கே நட்ட கற்கள் வட்டமாக நிற்கிற இடம் ஒன்று. "மாமா, அந்தக் கல்லுப் பக்கம் மட்டும் போக வேண்டாம்" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவருக்கு ஆபீஸ் கால் வந்துவிட்டது. ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நான் அந்தக் கல்வெட்டில் எந்தக் காலத்து எழுத்து என்று பார்க்கத்தான் ஒதுங்கினேன்.

கறுப்பு அங்கி போட்ட மந்திரவாதிகள். இவர்கள் நாம் தட்டக் காத்திருப்பதில்லை, வழியோடு போகிறவனை வலிய வந்து அடிப்பார்கள். அந்தக் கோழிக்கு நான் செய்ததை எனக்குச் செய்ய ஆரம்பித்தார்கள். சிவப்பு, சிவப்பு, ஒரு நீலம், மறுபடி சிவப்பு. மாப்பிள்ளை பார்த்துவிட்டார். மைக்கை அமுக்கிவிட்டுக் கத்தினார்: "சாப்பிடுங்க மாமா! சாப்பிடுங்க!"

எனக்குக் கையும் ஓடவில்லை, மவுஸும் ஓடவில்லை.

"மாமா, ப்ளீஸ், கொஞ்சம் சாப்பிடுங்க! ரொட்டியாவது சாப்பிடுங்க மாமா!"

சமையலறையிலிருந்து மனைவி ஒரு தட்டில் தோசையோடு ஓடி வந்தாள். "ஏங்க, மாப்பிள்ளை இவ்வளவு கெஞ்சறார், ஒரு வாய் சாப்பிட்டாத்தான் என்ன? அப்படி என்ன வீறாப்பு உங்களுக்கு?"

நான் தோசையைப் பார்த்த அந்த ஒரு நொடியில் அங்கே சப் ட்ரெஷரி சாய்ந்துவிட்டான். நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில், ரொம்ப அனுதாபமாக, ஒரு வரி வந்தது. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை ஆங்கிலம் படித்த மனைவிக்கு அந்த வரி முழுசாகப் புரிந்தது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா இதென்ன வார்த்தை, அதை முதல்ல அணைங்க" என்றாள்.

அணைக்க முடியாது. செத்தவன் அதே நொடியில் லம்பிரிட்ஜில் முழுசாக எழுந்து நிற்பான். மூட்டையில் விலை கூடின மூன்று சாமான் மட்டும் கூடவே வரும், மீதியெல்லாம் செத்த இடத்தில் கல்லறைக்குள் இருக்கும். அதற்குக் கெடு 15 நிமிடம். நம் கல்லறைக்கு நாமே ஓடிப்போய் நம் சாமானை நாமே மீட்க வேண்டும். வாரிசுச் சான்றிதழ் கேட்பார்களோ என்று ஒரு பக்கம் பயம். எத்தனை குடும்பங்களை அந்தக் காகிதத்துக்காக அலைய வைத்திருப்போம்! ஓடினேன். வழியில் ஓட்டத் தெம்பு தீர்ந்து நடக்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளை ஆபீஸ் காலில் "யெஸ், வீ வில் டெலிவர்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே, இடது கையால் அந்த மந்திரவாதிகளை ஒருவர் பின் ஒருவராக வெட்டிச் சாய்த்து, என் கல்லறைக்குக் காவல் நின்றார். ரொட்டி அத்தனையும் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை, எண்ணிப் பார்த்தேன்.

வாரக் பட்டணத்தில் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு பெரிய சந்தை. விற்கிற விலையை எழுதிப் போட்டால், வாங்குகிறவன் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் பொருந்திக்கொள்ளும். விற்றால் வரிப் பிடித்தம் உண்டு. அந்த வரியில் ஒரு பகுதியைக் கொண்டு சந்தையில் பெருத்துப்போன பொருளை வாங்கி அழித்துவிடுகிறார்கள், விலை சரியாமல் இருக்க. வரவுக்கும் ஒழிப்புக்கும் இவ்வளவு நேர்கோடு போட்ட நிதித்துறையை நான் பார்த்ததில்லை.

சந்தைக்கு வெளியே தலைமேல் எழுத்து மிதக்க நிற்கிறவர்கள் வேறு ரகம். ஒருவன், பணம் கொடுத்தால் இரட்டித்துத் தருவேன் என்கிறான். நூறு காசு கொடுத்தவனுக்கு நிஜமாகவே இருநூறு தருகிறான். அடுத்து அந்த ஆள் லட்சம் கொடுப்பான் என்று இவனுக்குத் தெரியும். இன்னொருவன், உங்கள் கவசத்துக்குத் தங்க விளிம்பு கட்டித் தருகிறேன், இலவசம், கழற்றிக் கொடுங்கள் என்கிறான். அப்படி ஒரு தொழிலே இந்த விளையாட்டில் கிடையாது. என்னிடமும் வந்தான். ஈமு கோழி வளர்த்தால் மாசாமாசம் பணம் என்று கேட்ட தமிழ்நாட்டுக்காரனிடம்! அவனிடம் என் வெண்கலக் கத்தியைக் காட்டி, முதலில் உன் கவசத்தை எனக்குக் கொடு, மாதிரி பார்க்கிறேன் என்று மாப்பிள்ளையை விட்டு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். அவன் வேறு உலகத்துக்கு மாறிவிட்டான். இது உவமை இல்லை. ஒரே ஊர் பல நகல்களாக ஓடுகிறது, ஒவ்வொன்றுக்கும் உலகம் என்று பெயரும் எண்ணும் உண்டு. மோசடி செய்கிறவனுக்கு எவ்வளவு வசதி.

தீபாவளி நெருங்கியது. கோடரிக் கடன் உறுத்திக்கொண்டிருந்தது. எல்லாம் இருக்கிற 126க்கு 3லிருந்து வந்தவன் என்ன கொடுப்பது? யோசித்துப் பார்த்து, கேக் என்று முடிவு செய்தேன். சமையலில் 40ஆம் நிலை வேண்டும். அதற்கு 37,224 புள்ளி. மீனாகச் சுட்டுத் தள்ளினேன். டிரவுட், சால்மன் என்று வாய்க்குள் நுழையாத சாதிகள். பரம்பரைக்குச் சேர்த்து ஒரே மழைக்காலத்தில் சுட்டுவிட்டேன். 40 வந்ததும் பழைய ஆலைக்குப் போனேன். அதே ஏணி, அதே கைப்பிடி, ட்யூக்குக்கு இல்லை இந்தத் தடவை. முட்டை, பால், மாவு, ஒரு கேக் தட்டு. முதலில் செய்ததெல்லாம் கருகிப் போயின. நிலை 40இல் அடுப்பு அப்படித்தான் செய்யும். கருகினதை அங்கேயே போட்டுவிட்டு, நல்லதாக ஒன்று வரும்வரை சுட்டேன்.

கோட்டை முற்றத்திலேயே வைத்துக் கொடுத்தேன். "எதுக்கு மாமா இந்தச் சிரமமெல்லாம்" என்றார் மாப்பிள்ளை. வணிகப் பலகையில் இரண்டு தரம் சம்மதம் தட்ட வேண்டும், நிதானமாக இரண்டையும் தட்டி வாங்கிக்கொண்டார். அந்த கேக்கை மூன்று தடவையாகச் சாப்பிடலாம். ஒரு பங்கு சாப்பிட்டார். அவருக்கு ஒரு காயமும் இல்லை, சும்மா மரியாதைக்கு. மீதியை என் பக்கம் நீட்டி, "நீங்களும் சாப்பிடுங்க மாமா" என்றார்.

பேத்தியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த மனைவி குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள்.

"அதுல முட்டை போட்டிருக்கா?"